பிஸ்மத் இழை: இழுப்பதா, உறிஞ்சுவதா, வாங்குவதா?

கண்ணாடி உறைக்குள் பிஸ்மத் போன்ற அரை உலோகம் ஓடும் மெல்லிய இழையைச் செய்து, அதை வெப்பத்தையோ காந்தப்புலத்தையோ உணரும் சென்சாராக்க வேண்டும் என்று ஆசைப்படும் மாணவர் குழு ஒன்று, இறுதியாண்டு புராஜெக்ட் பேச்சு தொடங்கியதும் எங்கள் புதுச்சேரி ஆய்வகத்துக்குத் தவறாமல் வந்துவிடும். கையில் வெளிநாட்டு ஆய்வுக் கட்டுரை ஒன்று இருக்கும். அதில் கூரையைத் தொடும் இழுப்புக் கோபுரத்தின், அதாவது கண்ணாடியைச் சூடாக்கி மேலிருந்து கீழே இழையாக இழுக்கும் கருவியின், படம் இருக்கும். எங்களிடம் இருப்பதோ எல்பிஜி ஊதுவிளக்கு, சின்ன வேக்கம் பம்பு, அலமாரி நிறையக் கண்ணாடிக் குழாய்கள். இந்த வசதிக்குள் எந்த வழி ஒத்துவரும், எது வராது, எந்த வேலைக்கு ஒன்றும் செய்யாமல் கடையில் வாங்கிக்கொள்வது நல்லது என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். காலாப்பட்டிலோ கடலூரிலோ இதே அளவு வசதியோடு இருப்பவர்களுக்கும் உதவும்.

அரை உலோகம் எதற்கு? செம்பில் ஒவ்வொரு அணுவும் ஏறத்தாழ ஓர் எலக்ட்ரானை மின்னோட்டத்துக்குக் கொடுத்துவிடுகிறது. பிஸ்மத்தில் லட்சம் அணுக்களுக்கு ஒன்று என்ற கணக்கில்தான் மின்சுமை கிடைக்கும். எண்ணிக்கை குறைவு என்றாலும் ஒவ்வொன்றும் மிக எளிதாக ஓடக்கூடியது. அதனால் காந்தப்புலம் பட்டால் அதன் மின்தடை சாதாரண உலோகத்தைவிடப் பல மடங்கு மாறுகிறது. வெப்பநிலை வேறுபாட்டுக்கு அது தரும் மின்னழுத்தமும் அதிகம்: ஒரு டிகிரிக்குச் சுமார் 70 மைக்ரோவோல்ட். தொழிற்சாலைகளில் எங்கும் பார்க்கிற கே வகைத் தெர்மோகப்பிள் (இரு உலோகக் கம்பிகள் சேரும் இடத்தில் வெப்பநிலையை மின்னழுத்தமாகக் காட்டும் உணரி) 41 மைக்ரோவோல்ட்தான் தரும். காந்தத்தில் பிஸ்மத்தின் மின்தடை மாறுவதை வைத்துப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே பிஸ்மத் கம்பிச் சுருளைக் காந்தமானியாகப் பயன்படுத்தினார்கள். 1928-இல் இயற்பியலாளர் கபிட்சா வலுவான புலங்களில் அதைத் துருவி ஆராய்ந்தார். 1930-இல் நெதர்லாந்தின் லைடனில் சூப்னிகோவும் டி ஹாஸும் கண்ட மின்தடை அலைவுகள் பிஸ்மத் படிகத்தில் கண்டவையே. ஆக, பொருள் புதிதல்ல. அதைக் கண்ணாடிக்குள் முடி போல அடைப்பதுதான் நம் வேலை.

எந்தத் தனிமம் என்பதில் நான் அதிகம் அலட்டிக்கொள்ள மாட்டேன். ஆண்டிமனி 631 டிகிரி செல்சியஸில் உருகும். அதன் ஆவி நச்சு, நல்ல புகைபோக்கிப் பெட்டி இல்லாத இடத்தில் அதைத் தொடவே வேண்டாம். டெல்லூரியம் 450 டிகிரியில் உருகி 988-இலேயே கொதித்துவிடும். அதோடு அது குறைகடத்தி, அதன் வாடை உடம்பில் ஏறினால் மூச்சில் பூண்டு நாற்றம் பல நாள் போகாது. கிராஃபைட்டும் அரை உலோகம்தான், ஆனால் சாதாரண அழுத்தத்தில் உருகவே உருகாது, நேரே ஆவியாகும். பிஸ்மத்தோடு பத்து சதவீதம் ஆண்டிமனி சேர்த்த கலவை தாழ்ந்த வெப்பநிலை வெப்பமின் வேலைக்குச் சிறந்தது. ஆனால் உறையும்போது இரண்டும் பிரிந்து, இழையின் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் கலவை விகிதம் வேறாகிவிடும். முதல் முயற்சிக்குத் தூய பிஸ்மத் போதும். 271 டிகிரியில் உருகும், 1,564-இல் கொதிக்கும். வயிற்றுப்போக்கு மருந்துகளில் சேர்க்கிற அளவுக்குச் சாதுவான உலோகம்.

கண்ணாடித் தேர்வில்தான் குழுக்கள் தடுக்கி விழுகின்றன.

ஆய்வகத்தில் "நல்ல கண்ணாடி" என்றாலே போரோசிலிகேட் என்று மாணவர்கள் மனதில் பதிந்திருக்கிறது. சூட்டைத் தாங்கும், விரிசல் விடாது, எனவே அதுவே எடுப்போம் என்பார்கள். உலோகத்தையும் கண்ணாடியையும் ஒன்றாகச் சூடாக்கி இழுக்கப் போகிறீர்கள் என்றால் அந்தத் தாங்கும் குணமே எதிரி. போரோசிலிகேட் 820 டிகிரியில்தான் மெல்ல இளகத் தொடங்கும், கையால் இழுக்க வசதியாக வருவதற்கு ஆயிரத்தைத் தாண்ட வேண்டும், ஊதுபவர்கள் வேலை செய்யும் பதம் 1,250 டிகிரி. அந்தச் சூட்டில் பிஸ்மத்தின் ஆவியழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கை எட்டிவிடும். கருவுக்குள், அதாவது உறைக்கு நடுவே ஓடும் உலோகத்துக்குள், குமிழி வரும், குமிழி வந்த இடத்தில் கரு அறுந்துபோகும். சோடா-சுண்ணாம்புக் கண்ணாடி, அதாவது சாதாரண பாட்டில், ஜன்னல் வகை, 720 டிகிரி அளவில் இளகி 800, 850-க்குள் இழுபடும். அங்கே பிஸ்மத்தின் ஆவியழுத்தம் வளிமண்டலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. வேதியியல் ஆய்வகத்தில் உருகுநிலை பார்க்க வைத்திருக்கும் மலிவான கேப்பிலரிகளில் (மிக மெல்லிய துளையுள்ள நுண்குழாய்களில்) பல இந்த வகைதான்.

போரோசிலிகேட்டில் பிஸ்மத்தை இழுத்தவர்களே இல்லை என்று சொல்லவில்லை. மால்டோவாவின் கிஷினாவ் நகர ஆய்வாளர்கள் பைரெக்ஸ் உறைக்குள் பிஸ்மத் நுண்கம்பிகளைப் பல ஆண்டுகளாகச் செய்திருக்கிறார்கள், அதுவும் ஒற்றைப் படிகமாக. அவர்களிடம் இண்டக்‌ஷன் சூடேற்றும் கருவி உண்டு, கணப்பொழுதில் உருக்கி மின்னல் வேகத்தில் இழுத்துக் குளிர்விக்க முடியும். ஊதுவிளக்கை வைத்துக்கொண்டு அவர்களோடு போட்டி போட வேண்டாம்.

முதல் வழி: சேர்த்து இழுப்பது

1924-இல் ஜி.எஃப். டெய்லர் வெளியிட்ட முறை இது. பின்னர் சோவியத் நாட்டில் உலித்தோவ்ஸ்கி அதை இண்டக்‌ஷன் சூட்டோடு இணைத்துத் தொடர் உற்பத்தியாக வளர்த்தார். ஒரு முனை மூடிய குழாய்க்குள் உலோகத் துண்டுகளைப் போட்டு, காற்றை உறிஞ்சிவிட்டு, கண்ணாடி இளகும்வரை சூடாக்கி இழுப்பதுதான் முறை. உள்ளே திரவம், வெளியே பாகுபோன்ற கண்ணாடி, இரண்டும் சேர்ந்து நீளும். காற்றை எடுக்காவிட்டால் பிஸ்மத் ஆக்சைடு உருவாகும். அது 817 டிகிரியிலேயே உருகிக் கண்ணாடியில் கரைந்துவிடுவதால் உறைச்சுவர் மஞ்சளடித்துப் பலவீனமாகும்.

இதன் பெரிய கவர்ச்சி நீளம். 6 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் 2 மில்லிமீட்டர் துளையும் உள்ள குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். இழுத்த பிறகும் அந்த 3-க்கு 1 விகிதம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். எனவே 90 மைக்ரான் இழையில் 30 மைக்ரான் கரு வரும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). குழாயில் 10 சென்டிமீட்டர் செலவானால் இழையாக 444 மீட்டர் கிடைக்கும். நிமிடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் வேகத்தில் குழாயை இறக்கினால், கீழே நிமிடத்துக்கு 4.4 மீட்டர் சுற்றியெடுக்க வேண்டும். 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருளை நிமிடத்துக்குப் பதினான்கு சுற்று சுற்றினால் போதும். பழைய 3டி பிரிண்டரின் திருகுதண்டும் ஸ்டெப்பர் மோட்டாரும் இந்த வேலைக்குத் தாராளம். சூளைச் சுருளும் அரிய பொருளல்ல. 1971-இல் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி தொடங்கியதிலிருந்து இந்தப் பக்கம் மட்பாண்டக் கலைஞர்கள் பெருகியிருக்கிறார்கள். மின்சூளைக் கம்பி, சிராமிக் கம்பளிப் போர்வை, வெப்பக் கட்டுப்பாட்டுப் பெட்டி எல்லாம் எங்கே வாங்குவது என்று அவர்களைக் கேட்டால் தெரியும்.

குழாயை இழுத்தாலும் துளை அடைபடாமல் கூடவே நீளும் என்ற இந்த உண்மை ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, நம் மண்ணிலேயே கிடக்கிறது. அரியாங்குப்பம் ஆற்றங்கரை அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டிய இடத்திலிருந்து கண்ணாடி மணிகள் ஏராளமாக வந்தன. துளையுள்ள கண்ணாடிக் குழாயை நீளமாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி மணியாக்கும் தொழில் அங்கே நடந்தது. புதுச்சேரி அருங்காட்சியகத்தில் அந்த மணிகளின் துளையைக் கவனித்துப் பாருங்கள். மின்சூளையும் பம்பும் இல்லாமல் இத்தனை நுணுக்கமாக இழுத்திருக்கிறார்கள் என்பது எனக்கு எப்போதும் கொஞ்சம் பொறாமை தரும் விஷயம்.

ஆனால் துளைக்குள் காற்று இருப்பது வேறு, திரவ உலோகம் இருப்பது வேறு. திரவக் கரு தன் பரப்பைக் குறைத்துக்கொள்ளப் பார்க்கும், விட்டால் சொட்டுச் சொட்டாக உடைந்துவிடும். அதைத் தடுத்து நிறுத்துவது சுற்றியுள்ள கண்ணாடியின் பாகுத்தன்மை ஒன்றே. கண்ணாடி இளகத் தொடங்கும் பதத்துக்கும் ஊதும் பதத்துக்கும் இடையே அது ஆயிரம் மடங்குக்கும் மேல் குறைகிறது. சூடு கொஞ்சம் அதிகமானால் பாசிமணி கோத்ததுபோல் கரு துண்டாகும், குறைந்தால் இழை பட்டென்று அறுந்துவிடும். ஊதுவிளக்கில் இந்த இடைவெளியைப் பிடிப்பது முழுக்கக் கைப்பழக்கம். ஓய்வுபெற்ற கண்ணாடி ஊதுநர் ஒருவர் மாணவர்களிடம் சொன்னது: "அவசரப்படாதே தம்பி, அது தன் எடையில தானா தொங்க ஆரம்பிக்கட்டும், அப்புறம் இழு." சூளையில் செய்தாலும் அதே அடையாளம்தான். முதல் சொட்டு தானாக இறங்கும் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு அதிலிருந்து மேலும் கீழும் பத்துப் பத்து டிகிரி நகர வேண்டும்.

இரண்டாம் வழி: உறிஞ்சி நிரப்புவது

இங்கே கண்ணாடியை இளக்க வேண்டியதில்லை. வெறும் கேப்பிலரியை 300, 320 டிகிரியில் வைத்து, அதன் கீழ்முனையை உருகிய பிஸ்மத்துக்குள் அமிழ்த்தி, மேல்முனையில் பம்பை மாட்டி உறிஞ்சினால் ஆயிற்று. உலோகத்தின் மேல் படியும் ஆக்சைடு ஏட்டை ஒதுக்கி, அதற்குக் கீழே முனையை இறக்க வேண்டும். ஏடு ஒரு துளி உள்ளே போனாலும் கேப்பிலரி அடைத்துக்கொள்ளும்.

பம்பு இல்லாமல் தானாக ஏறாதா என்று கேட்பார்கள். ஏறாது. உருகிய பிஸ்மத் கண்ணாடியை நனைப்பதில்லை, பாதரசம் போலத் துளையிலிருந்து விலகியே நிற்கும். உள்ளே தள்ளத் தேவையான அழுத்தம் துளை சிறுக்கச் சிறுக்கக் கூடும். 100 மைக்ரான் துளைக்கு வளிமண்டலத்தில் எட்டில் ஒரு பங்கு போதும். 10 மைக்ரான் துளைக்கு 1.2 வளிமண்டலம் வேண்டும். வேக்கம் பம்பு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஒரு வளிமண்டலத்துக்கு மேல் இழுத்துத் தர முடியாது. உலோகத் தம்பத்தின் எடையும் சேர்கிறது, ஒரு மீட்டர் உயரப் பிஸ்மத் ஏறக்குறைய ஒரு வளிமண்டலம் கனக்கும். எனவே 15 மைக்ரான் துளை, 15 சென்டிமீட்டர் நீளம் என்பதே உறிஞ்சும் முறையின் எல்லை. அதற்குக் கீழே போக வேண்டுமானால் மறுபக்கத்திலிருந்து வாயு அழுத்தம் கொடுத்துத் தள்ள வேண்டும். ஜெர்மனியின் எர்லாங்கனில் அப்படித்தான் ஒளியிழைகளின் நுண்துளைகளுக்குள் தங்கத்தையே நிரப்பினார்கள். கல்லூரி ஆய்வகத்தில் சூடான கண்ணாடியின் பின்னால் உயரழுத்த சிலிண்டர் வைப்பதற்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

இந்த வழியில் கண்ணாடித் தேர்வு தலைகீழாகிறது. வெப்பநிலை 320-ஐத் தாண்டாததால் போரோசிலிகேட்டுக்கு எந்தத் தடையும் இல்லை, வெப்ப அதிர்ச்சியைத் தாங்குவதால் அதுவே மேல். சிலிக்கா கேப்பிலரி கிடைத்தால் அதுவும் சரி.

கவனம் வேண்டியது நிரப்பிய பிறகு. பெரும்பாலான உலோகங்கள் உறையும்போது சுருங்கும், பிஸ்மத் தண்ணீரைப் போல விரியும், கன அளவில் 3.3 சதவீதம். நல்லதும் கெட்டதும் இதில் சேர்ந்தே இருக்கின்றன. நல்லது என்னவென்றால் கரு சுவரை அழுத்திப் பிடித்து நிற்கும், நடுவில் இடைவெளி விழாது. அறை வெப்பநிலைக்குக் குளிரும்போது பிஸ்மத் கண்ணாடியைவிட அதிகம் சுருங்கினாலும், இந்த விரிவு அந்தச் சுருக்கத்தை விழுங்கிவிடும். கெட்டது, மெல்லிய சுவருள்ள கேப்பிலரி நெடுக்கில் பிளந்துவிடும். தடித்த சுவருள்ள குழாயைத் தேர்ந்தெடுத்து, ஒரு முனையிலிருந்து மெதுவாக உறையவிடுங்கள். உறையாத திரவம் மறுமுனை வழியாக வெளியேற இடம் இருக்க வேண்டும். இரு முனையும் முதலில் உறைந்து நடுப்பகுதி கடைசியாக உறைந்தால் உடைப்பு நிச்சயம். சூளையிலிருந்து இழையை அங்குலம் அங்குலமாக வெளியே எடுப்பது இதற்கு எளிய வழி, அப்படிச் செய்தால் படிகமும் பெரிதாக வளரும்.

இரண்டையும் கலந்து செய்வது எனக்கு மிகவும் பிடித்தது. முதலில் ஒரு மில்லிமீட்டர் துளையுள்ள தடித்த சோடா-சுண்ணாம்புக் குழாயை உறிஞ்சி நிரப்புங்கள். அதில் குமிழி இல்லை, ஆக்சைடு இல்லை என்று கண்ணால் பார்த்து உறுதிசெய்துகொள்ளலாம். பிறகு அந்தத் தண்டையே குட்டிச் சூளையில் வைத்து இழுங்கள். டெய்லர் முறையில் துகள்களைக் கொட்டும்போது இடையில் சிக்கும் காற்றுதான் பாதித் தொல்லைக்குக் காரணம், இதில் அது முதலிலேயே போய்விடுகிறது.

கோபுரத்தை நாடலாமா? கொல்கத்தாவின் மத்தியக் கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஒளியிழை இழுப்புக் கோபுரம் இருக்கிறது. கூட்டு ஆய்வாகக் கேட்டுப்பார்ப்பதில் தவறில்லை. ஆனால் சிலிக்கா ஒளியிழை இழுபடுவது 2,000 டிகிரி அளவில். பிஸ்மத் அதற்கு நானூறு டிகிரி முன்பே கொதித்துப் போயிருக்கும். சிலிக்கான் கரு போட்ட சிலிக்கா இழைகளைப் பற்றிப் படித்துவிட்டு அதே முறையை பிஸ்மத்துக்குப் பெயர்க்க நினைப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. சிலிக்கான் 1,414-இல் உருகி 3,200-க்கு மேல்தான் கொதிக்கும், அதனால் அதற்குப் பொருந்தும். பிஸ்மத்துக்குத் தாழ்ந்த சூட்டில் இளகும் கண்ணாடியும் அதற்கேற்ற சூளையும் வேண்டும். அதை எட்டு மாத புராஜெக்டுக்குள் அடைக்க முடியாது.

எந்த வேலைக்கு எது

ஒரு மோட்டாரின் பேரிங் எவ்வளவு சூடாகிறது என்று பார்ப்பதுதான் நோக்கம் என்றால், இவ்வளவு பாடு எதற்கு? கே வகைத் தெர்மோகப்பிளோ பிடி100 என்ற பிளாட்டினம் மின்தடை வெப்பமானியோ வாங்கிவிடுங்கள். பிஸ்மத் இழையை 200 டிகிரிக்கு மேல் நம்ப முடியாது, கே வகை ஆயிரம் டிகிரி வரை போகும். மின்கம்பியில் ஓடும் மின்னோட்டத்தைக் காந்தப்புலம் வழியாக அளப்பதுதான் ஆசை என்றால், நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் ஹால் சில்லு (காந்தப்புலத்தை மின்னழுத்தமாகக் காட்டும் சிறு சில்லு) பிஸ்மத் இழையைத் தோற்கடித்துவிடும். சிறு புலங்களில் பிஸ்மத்தின் மின்தடை மாற்றம் புலத்தின் இருபடியாகத்தான் கூடும், அதாவது அடிமட்டத்தில் ஏறக்குறைய ஊமை. வலுவான மின்காந்தமோ திரவ நைட்ரஜனோ இருக்கும் ஆய்வகத்தில் மட்டுமே அந்தக் குணம் பேசும். நீண்ட கட்டமைப்பில் பல புள்ளிகளின் வெப்பநிலை வேண்டுமா? ஃபைபர் பிராக் கிரேட்டிங், அதாவது குறிப்பிட்ட அலைநீள ஒளியை மட்டும் திருப்பியனுப்பும்படி நுண்வரிகள் பதித்த ஒளியிழை, அதற்கென்றே பிறந்தது. டிகிரிக்கு 10 பிக்கோமீட்டர் அளவில் அலைநீளம் நகரும். ஒரே இழையில் பல புள்ளிகள் வைக்கலாம். அதைப் படிக்கும் கருவியின் விலை லட்சங்களில் என்பதுதான் சங்கடம்.

பிஸ்மத் இழைக்கு மிஞ்சும் இடம் சிறியது, ஆனால் உண்மையானது. கடலூர் சிப்காட் பக்கத்து ரசாயன ஆலைகளில் அமிலக் கரைசலுக்குள் உலோகக் கம்பி அதிக நாள் தாங்காது. கடற்கரை உப்புக் காற்றும் செம்பைச் சும்மா விடாது. அங்கே உறையே கண்ணாடியாக இருப்பது பலம். மிகச் சிறிய துளியின், ஒரு நுண்குழாய்க்குள் நடக்கும் வினையின் வெப்பநிலையைப் பிடிக்க வேண்டும் என்றாலும் நுனி முடி அளவில் இருப்பது உதவும், ஏனென்றால் தடித்த முனை தானே வெப்பத்தைக் குடித்து அளவைக் கெடுத்துவிடும். செம்பைவிட பிஸ்மத் ஐம்பதில் ஒரு பங்குதான் வெப்பத்தைக் கடத்தும் என்பது இங்கே கூடுதல் வசதி.

அதனால் என்னிடம் வரும் குழுவுக்கு நான் கொடுக்கும் வடிவம் இது: உறிஞ்சி நிரப்பிய இழையின் நுனியை ஊதுவிளக்கில் காட்டாமல் தேய்த்துச் சமன்செய்து, கரு வெளியே தெரியும்படி விட்டு, கண்ணாடியின் வெளிப்புறம் முழுக்க டோலன்ஸ் கரைசலில் வெள்ளி பூசுங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் சோதனைக்குழாயில் செய்த அதே வெள்ளிக் கண்ணாடி வினைதான். நுனியில் வெள்ளியும் பிஸ்மத்தும் தொடும் இடமே அளக்கும் சந்திப்பு, மறுமுனையில் இரண்டுக்கும் தனித்தனி கம்பி. உள்ளே ஒரு கால், வெளியே ஒரு கால், நடுவில் காப்பாகக் கண்ணாடி. அமிலக் கரைசலுக்குள் போகிற முனையில் வெள்ளிக்கு மேல் பாதுகாப்புப் பூச்சும் வேண்டும், இல்லாவிட்டால் கண்ணாடி உறையின் நன்மை போய்விடும். டோலன்ஸ் கரைசலை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கலக்குங்கள், மிச்சத்தை அன்றே அமிலம் விட்டு அழித்துவிடுங்கள். வைத்துவிட்டுப் போனால் வெடிக்கக்கூடிய வெள்ளிச் சேர்மம் படியும், இதில் விளையாட்டு வேண்டாம்.

சோதனை எளிது. 20 மைக்ரான் கரு, 10 சென்டிமீட்டர் நீளம் என்றால் மின்தடை 380 ஓம் அளவில் வர வேண்டும். மல்டிமீட்டர் எல்லையின்மை காட்டினால் கரு எங்கோ அறுந்திருக்கிறது. ஆயிரக்கணக்கில் ஓம் வந்தால் இடையில் கரு மெலிந்திருக்கலாம், தொடுப்பும் சரியில்லாமல் இருக்கலாம். டிகிரிக்கு 70 மைக்ரோவோல்ட் என்பதால் சாதாரண மீட்டரில் ஒரு டிகிரி மாற்றம்கூடத் தெரியாது, முன்பெருக்கி கட்டாயம். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் புதிதாக இழுத்த சோடா-சுண்ணாம்பு இழை நாளுக்கு நாள் பலமிழக்கும், அதனால் வெள்ளி பூசாத இழைக்கு அன்றே அக்ரிலிக் பூச்சு கொடுத்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள்.

கம்பியைப் பற்றவைக்கும்போது கடையில் கிடைக்கும் சாதாரண ஈய-வெள்ளீயப் பற்றாசைத் தொடாதீர்கள். பிஸ்மத், ஈயம், வெள்ளீயம் மூன்றும் சேர்ந்தால் 96 டிகிரியிலேயே உருகும் கலவை உண்டாகிவிடும், கொதிநீரில் சோதிக்கும்போது தொடுப்பு கழன்று விழும். 58 சதவீதம் பிஸ்மத் கலந்த வெள்ளீயப் பற்றாசு 138 டிகிரி வரை நிற்கும். அதற்கு மேல் போக வேண்டுமானால் வெள்ளிப் பசையால் ஒட்டுங்கள்.